நாற்பத்தொரு முறை

பிராந்தூர் கப்பலிலிருந்து மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டான்.
"ஒரே கோப்பு. நாற்பத்தொரு முறை அனுப்பிவிட்டது உன் நிரல்.
தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்கிறது."

கடலடியின் எதிரொலிகள், அறுநூறு மெகாபைட்.
இரண்டு வாரமாக அவனுடைய செயற்கைக்கோளைத்தான்
டோர்ஷவ்ன் அலுவலகம் முழுக்கக் குறைசொல்லித் திரிந்தேன்.

லாக்கைத் திறந்தேன்.

02:14:07 பெயர்.
02:14:08 கடவுச்சொல், நட்சத்திரங்களாக.
02:14:09 150. வாசல் திறந்தாயிற்று, அனுப்பு.

அடுத்த வரியிலேயே
02:32:33 பதில் இல்லை.
மறுபடி பெயர். மறுபடி நட்சத்திரங்கள்.

இரண்டு வரிக்கும் நடுவே ஒரு மயிரிழை வெள்ளை.
பதினெட்டு நிமிடம் அதற்குள் எப்படிக் கொண்டது?

சர்வர் பக்கத்து லாக்கை ரன்வாவிடம் கெஞ்சி வாங்கினேன்.
(அவள் கடிகாரம் மூன்று நொடி முந்தி ஓடுகிறது,
கழித்துக்கொண்டேன்.)
அங்கே, 02:31:36,
226. முழுதாக வந்து சேர்ந்தது.
ஒரு பைட் குறையவில்லை.
நாற்பத்தொரு முறையும்.

சேர்ந்தது கோப்பு.
சேர்ந்த சேதிதான் சேரவில்லை.

தொடர்பு என்று நாம் சொல்வது இரண்டு கம்பி:
ஒன்று சுமக்கும், ஒன்று பேசும்.
சுமப்பது ஓடிக்கொண்டிருக்கையில்
பேசுவதற்குப் பேச ஒன்றுமில்லை.
கப்பல் நடையில் லைஃப் ஜாக்கெட்டுகளுக்குப் பின்னால்
ஒரு சாம்பல்நிற ரவுட்டர்,
ஐந்து நிமிடம் மூச்சுக்காட்டாததைச்
செத்ததென்று முடிவுகட்டி அறுத்துவிட்டது.
யாரிடமும் சொல்லவுமில்லை.
மீதி நேரமெல்லாம் என் நிரல்
அறுந்த கம்பியில் காதுவைத்திருந்தது.

நோ-ஆப் என்று ஒரு கட்டளை உண்டு.
பொருள்: ஒன்றும் செய்யாதே.
படித்த காலத்தில் சிரித்திருக்கிறேன்,
இதை எவன் யாருக்குச் சொல்வான் என்று.
நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும்படி எழுதினேன்.
நான்கு வரி. அதிலும் ஒரு அரைப்புள்ளி மறந்து
மூன்றாவது காபி.

அடுத்த இரவின் லாக்:
226.
அதன் பின்னால் வாலாக, தாமதமாக, மொத்தமாக
200 சரி 200 சரி 200 சரி
பதினேழு தடவை.

பிராந்தூர் கூப்பிடவில்லை.
நான்தான் கூப்பிட வேண்டும்,
உன் செயற்கைக்கோள்மேல் தப்பில்லை என்று.
எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு
முதலில் ரன்வாவுக்கு எழுதுகிறேன்:
மீதி நாற்பதையும் அழிக்கலாமா?