எறும்பின் தீர்ப்பு

நான் வேலை பார்ப்பது சர்க்கரை ஆலையில்.
எடைமேடையில் கரும்பு வண்டி ஏறும், இறங்கும்.
சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.
இரண்டு மாதச் சம்பளப் பாக்கி போக
மீதிக்குச் சோறு போடுவது அதுதான்.

கும்பகோணத்துப் பல் டாக்டர்
கபிலனின் வாய்க்குள் வெளிச்சம் அடித்துவிட்டு
நாலு என்றார்.
நாலு வயசுக்கு நாலு சொத்தை.
அப்பாவுக்கு எங்கே வேலை என்று கேட்டார்.
சொன்னேன்.
அவர் சிரித்தாரா என்பது
முகக்கவசத்துக்குத்தான் தெரியும்.

அன்றிரவே சட்டம் வந்தது:
வெள்ளைச் சர்க்கரை வீட்டுக்குள் கிடையாது,
பேக்கரி வாசலில் வண்டி நிற்காது.
சட்டம் கயல்விழியுடையது.
செயல்படுத்துவது நான்,
ஞாயிறு பகலில் அவள்
ஆஸ்பத்திரி நைட் டூட்டி முடிந்து தூங்குவதால்.

முதல் கேக்கில்
கேழ்வரகு மாவும் நாட்டுச் சர்க்கரையும்
நிறைய நம்பிக்கையும் போட்டேன்.
செங்கல்.
குடமுருட்டிப் பாலத்தில் நின்று
மூவரும் பிட்டுப் பிட்டுப் போட்டோம்.
கெண்டைகள் வந்தன, முகர்ந்தன,
வந்த வழியே போயின.

இரண்டாவது கொஞ்சம் பரவாயில்லை.
ஆனால் கபிலன் ஒரு துண்டை
ஜன்னல் கட்டையில் எறும்புச் சாரிக்கு நடுவே வைத்தான்.
சாரி இரண்டாகப் பிரிந்து
கேக்கைச் சுற்றிக்கொண்டு போய்
அந்தப் பக்கம் மறுபடி ஒன்றானது.
"எறும்பே தொடல. நான் மட்டும் ஏன் திங்கணும்?"
என்னிடம் பதில் இல்லை.
மேல்முறையீடு செய்ய இடமும் இல்லை.

மூன்றாவது, ஐப்பசி மழையில்.
பாபநாசம் கடைத்தெருவில்
தோல் கறுத்துக் கழித்துப்போட்ட பூவன் சீப்பு,
பத்து ரூபாய்க்கு.
யாழ்மொழி முழங்கை வரை பழமாகிப் பிசைந்தாள்.
கோதுமை பாதி, கேழ்வரகு பாதி,
கடலெண்ணெய், இரண்டு முட்டை,
நாலு பேரீச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு.
அடுப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது.
கண்ணாடிக்கு முன் இருவரும் குந்தி உட்கார்ந்து
டிவி போலப் பார்த்தார்கள்.
மாவு மூச்சு வாங்கி எழுந்தது.
வாசனை கூடம் வரை வந்து,
அவள் தூங்கும் அறைக் கதவில் நின்றது.

அப்போது தெருமுனை டிரான்ஸ்பார்மர்
ஒரு தரம் இருமியது.
ஃபேன் நின்றது. சிவப்பு விளக்கு போனது.
எழுந்த மாவு
யோசிப்பதுபோல் நடுவில் குழிந்தது.

விடுவேனா?
தட்டோடு தூக்கி இட்லிக் கொப்பரைக்குள் இறக்கி
கேஸைப் பற்றவைத்தேன்.
பாதி சுட்டது, மீதி அவியட்டும்.

மழையிருட்டில் செய்ய வேறொன்றுமில்லாமல்
கபிலன் என் போன் டார்ச்சோடு
எறும்புச் சாரியைப் பிடித்துக்கொண்டு போனான்.
சுவரோரம், சிலிண்டருக்குப் பின்னால்,
அரிசி டப்பாவின் முதுகில் ஏறி,
பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிக்குள்.

கால் கிலோ. வெள்ளை வெளேரென்று.
இரவு டீக்கு மட்டும் என்று
எனக்கு நானே எழுதிக்கொண்ட சலுகை.

யாழ்மொழி எதுவும் கேட்கவில்லை.
மூடியைத் திருகி மூடினாள்.
டார்ச்சை வாங்கினாள்.
"ஆ காட்டு" என்றாள்.
அடுப்படித் தரையில் உட்கார்ந்து வாய் திறந்தேன்.
நிதானமாக, டாக்டரைப் போல,
தம்பிக்குக் கேட்கும்படி எண்ணி முடித்தாள்:
ஆறு.

கொப்பரை மூடியைத் திறந்தபோது
ஒரு பக்கம் கேக், மறுபக்கம் புட்டு,
நடுவில் எந்தப் பெயருக்கும் சேராத ஒன்று.
கபிலன் ஒரு துண்டை நேராக
ஜன்னலுக்குக் கொண்டுபோனான்.
சாரலில் சாரி கலைந்திருந்தது.
காத்திருந்தோம். காபிக்கு வைத்த பால் பொங்கி வழிந்தது.
வழி தப்பியதோ, தேடித்தான் வந்ததோ,
ஒன்று ஏறியது.

"ஒண்ணு வந்துருச்சு" என்றான்,
அதை ஊதித் தள்ளிவிட்டு
வாயில் போட்டுக்கொண்டான்.

உள்ளேயிருந்து தூக்கக் குரல்:
"என்ன வாசனை அது?"
யாழ்மொழி என்னைப் பார்த்தாள்.
பாட்டிலைப் பார்த்தாள்.
"வாழைப்பழம்மா" என்றாள்.