செருப்பு முழுசாய்க் கிடந்த காலமை

செருப்பு ரெண்டும் கடிபடாமல் கிடந்துது.
அதுதான் முதல் குறி. எனக்கு விளங்கேல்லை;
சந்தோசமாய்க் காலை நுழைச்சுக்கொண்டு
வேலைக்குப் போட்டன்.

பின்னேரம் கோண்டாவில் சந்தியால திரும்ப
என்ர ஸ்கூட்டிச் சத்தத்துக்குப்
படலைக்குக் கீழால மூக்கு நீட்டுற வண்டு
இண்டைக்கு நீட்டேல்லை.
நாலு மாதக் குட்டி. கறுப்பு. நெத்தியில சுண்ணாம்புப் பொட்டு.
கிணத்துக்கட்டோட ஒட்டி, ஈரச் சீமெந்தில
வயித்தை அழுத்திக்கொண்டு கிடந்துது.
காலமை வைச்ச சூடைமீன் தலையில
எறும்புகள் ஊர்வலம்.

மஞ்சள் நுரையாய் ஒருக்காச் சத்தி.
பேந்து வெறும் ஓங்காளம்.
பேந்து வயித்தாலை போனது:
சிவப்பெண்டும் சொல்லேலாது, கறுப்பெண்டும் சொல்லேலாது,
துருப்பிடிச்ச வாளியில நாள்க்கணக்காய் நிண்ட தண்ணி மாதிரி
ஒரு மணம்.

வேலிக்கு அங்கால நிண்டு றஞ்சிதமலர் அக்கா சொன்னா,
"புழுவாயிருக்கும், பாலும் மஞ்சளும் குடு."
பின்வளவுக்காரர் சொன்னார்,
"மழைக் குளிர். விடிய எழும்பி ஓடும் பாருங்கோ."
எல்லாரும் நல்ல ஆக்கள்.
நான் பால் எடுக்கக் குசினிக்குள்ள போனதும் உண்மை.

போனவள் திரும்பி வந்து
அதின்ர கழுத்துத் தோலை ரெண்டு விரலால இழுத்து விட்டன்.
தோல் இறங்கேல்லை.
கூடாரம் மாதிரி அப்பிடியே நிண்டுது.

கூடாரம்.
செட்டிகுளத்தில ஒரு தாதி, பேர் கேக்கேல்லை,
தங்கச்சியின்ர வயித்துத் தோலை
இப்பிடித்தான் இழுத்து விட்டவ.
"இறங்கிற வரைக்கும் எண்ணு," எண்டவ. எனக்கு அப்ப பதினொரு வயசு.
ஏழு மட்டும் வந்துது.
இப்பவும் எண்ணினன். ஏழு தாண்டிச்சு.

உதட்டைத் தூக்கினால் முரசு கஞ்சி நிறம்.
காது ரெண்டும் குளிர்.
பாலை அடுப்படியிலேயே விட்டன்.
வாயைப் பிளந்து தண்ணி ஊத்தவும் இல்லை.
பிஸ்கட் பெட்டிக்குள்ள பழைய சாறம் விரிச்சு அதைக் கிடத்தி
யூட்டுக்கு அடிச்சன்.
"ஓட்டோ ஊத்தையாகும், நான் கழுவித்..." எண்டு தொடங்க
"பெட்டியை மடியில வைச்சுப் பிடி, கதைக்காதை," எண்டான்.
பலாலி வீதியில ஒவ்வொரு குழிக்கும் அவன் வேகம் குறைச்சான்.
அதுக்கு நான் இன்னும் நன்றி சொல்லேல்லை.

திருநெல்வேலியில, மிருகவைத்தியர் துவாரகா
கிறில்லை இழுத்துப் பூட்டிக்கொண்டு நிண்டவ.
மணத்திலேயே நிமிர்ந்து பார்த்தா.
"பார்வோ போலக் கிடக்கு. சோதிச்சுப் பார்ப்பம்.
ரெண்டாவது தடுப்பூசி?"
ஃபிரிட்ஜ் கதவில காந்தத்துக்குக் கீழ தொங்கிற அட்டை
கண்ணுக்குள்ள வந்து நிண்டுது.
ஒக்டோபர் பதினாலு. அண்டைக்கு மழை.
மழை எண்டு சொல்ல வாய் வரேல்லை.
"பிந்திப்போச்சு," எண்டன்.
அவ ஏசேல்லை. முன்னங்கால் மயிரை வழிச்சுப்போட்டு
நரம்பு தேடினா.
மூண்டு தரம் வழுக்கிச்சு.
நாலாவதில சேலைன் சொட்டத் தொடங்க
யூட் வெளியில போய் நிண்டு மூக்கைச் சீறினான்.

வீட்டில கிணத்தடி, முத்தம், படலைக் கீழ்,
எல்லாம் பிளீச் ஊத்தித் தேய்ச்சன். கை வெந்து போச்சு.
"உங்கட குட்டியளைக் கனகாலத்துக்கு இந்தப் பக்கம் விடாதையுங்கோ,"
எண்டு றஞ்சிதமலர் அக்காவுக்குச் சொன்னன்.
கோவிச்சா. கோவிக்கட்டும்.

மூண்டாம் இரவு. கிளினிக்கில, நிலத்தில பாய்.
இன்னும் ஒண்டும் சொல்லேலாது எண்டுதான் டொக்டர் சொல்லுறா.
ஸ்காபரோவில இருந்து தங்கச்சி எடுக்கிறாள்:
"உயிரோட இருக்கோ?"
தான் ஏழு மட்டும் எண்ணப்பட்டவள் எண்டு
அவளுக்குத் தெரியாது.
"ஃபோனை அதின்ர காதுக்குள்ள வை," எண்டாள்.
வைச்சன்.
"வண்டு. டேய், வண்டு."

காது ஆடிச்சு. இடது காது மட்டும்.
ஆடினதோ, இல்லை ஃபேன் காத்தோ?
எழும்பி ஃபேனை நிப்பாட்டிப்போட்டு வந்து
"இன்னொருக்காக் கூப்பிடு," எண்டன்.