ஒன்பதாவது பெயர்

கேத்தி பாலாடாவில் இரவு பதினொன்று.
ஒன்றரை மணிக்கு ஒன்பது பேர் வேண்டும்.
எழுபது மூட்டை கேரட்.
விடிவதற்குள் லாரி பர்லியாறைத் தாண்டிவிட வேண்டும்.

எட்டுப் பேருக்கு அடித்துவிட்டேன்.
ஒன்பதாவது, மருதை.
கட்டைவிரல் பெயருக்கு மேலே நிற்கிறது,
அழுத்தவில்லை.

மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி,
தலைக்குச் சம பங்கு.
அவர் ஒரு நடை ஏறுவதற்குள்
நிரோஷன் இரண்டு நடை ஏறி இறங்கி
போனில் ஒரு வீடியோவும் பார்த்துவிடுகிறான்.
“அவரு மூட்டையையும் சேத்து
நாங்கதானண்ணே தூக்குறோம்.”
போன வாரம் சொன்னான்.
அதில் பொய் இல்லை.
பொய் இல்லாத பேச்சுக்கு என்ன பதில் சொல்வது,
கிடந்த தழையைக் காலால்
தள்ளிக்கொண்டிருந்தேன்.

வயது ஐம்பத்தேழு.
ஆதாரில் ஐம்பத்தொன்று,
பதிந்த பையன் கேட்காமலே குறைத்துப் போட்டது.
அந்த ஆறு வருடத்தை நம்பி
லவ்டேல் பக்கம் ஒரு ரிசார்ட்டில்
வாட்ச்மேன் வேலைக்குப் போய் நின்றிருக்கிறார்.
நாற்பத்தைந்துக்குள் வேண்டுமாம்.
இந்தி தெரிந்தால் நல்லதாம்.
“ராத்திரி பூரா முழிச்சிருப்பீங்களா” என்று வேறு கேட்டானாம்,
முப்பது வருடமாக
ராத்திரியில் மட்டுமே வேலை செய்தவரிடம்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எனக்கு நாற்பத்தாறு.

பெயரைத் தாண்டிப் போனேன்.
ஜார்கண்ட் பையன் பிகு.
முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

நல்ல உறைபனி. தலைவிளக்கு வெளிச்சத்தில்
புல்லெல்லாம் உப்பு கொட்டிய மாதிரி.
பிடுங்கி, தழை ஒடித்து, சாக்கில் அடைத்து,
படி படியாய் மேலே ஏற்றி,
மூன்றரைக்குக் கழுவுகிற மிஷினுக்குக் கொண்டுபோனால்

அங்கே பெண்கள் வரிசையில்
ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு
மருதை.

தண்ணீர் வழியும் பெல்ட்டில்
உடைந்தது, வெடித்தது, இரண்டு கால் முளைத்தது எல்லாம்
பொறுக்கிப் பொறுக்கி வீசிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்துத் தலையசைத்தார்,
கடைக்காரர் வாடிக்கையாளருக்கு அசைப்பது போல.

அவரிடம் கேட்க வாய் வரவில்லை.
முத்துராக்கு அக்காவிடம் கேட்டேன்.
“எவ்வளவுக்கு வந்திருக்காரு?”
“எங்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான்.”

அக்காவுக்கு அறுபத்து மூன்று.
பதினெட்டு வருடமாக அந்தத் தண்ணீரில் நிற்கிறாள்.
அவள் முட்டியைப் பற்றி
யாரும் இதுவரை பேசியதில்லை. நானும்தான்.
“இங்க யாரும் வயசு கேக்குறதில்ல தம்பி.
கூலி ஏத்திக் கேட்டாத்தான்
நம்ம வயசு அவுங்களுக்கு ஞாபகம் வரும்.”

மருதைக்குக் கண் இன்னும் பழகவில்லை.
மூன்றில் ஒன்றை விட்டுவிடுகிறார்.
பெல்ட்டின் கடைசியில் நின்று அக்கா
அவர் விட்டதையும் சேர்த்து எடுக்கிறாள்.
யாரிடமும் சொல்வதில்லை.
எதிரே, சாக்கைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு
நிரோஷன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
என்ன நினைத்தான் என்று தெரியாது.

அறுபத்து நாலாவது மூட்டையில்
என் இடுப்பில் ஏதோ ஒன்று
தாழ்ப்பாள் மாதிரி விழுந்தது.
லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு
கயிறு சரிபார்ப்பவன் போல நின்றேன்.
பிகு என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினான்.
மொழி தெரியாதது நல்லதாய்ப் போயிற்று,
இரண்டு பேருக்கும்.

லாரி கிளம்பிய பிறகு
எல்லோரும் டீக்கு ஒதுங்கினார்கள்.
பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு
மருதை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
ஏன் கூப்பிடவில்லை என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தேவலை.

“பூட்ஸ் நல்லாருக்கே, எங்க வாங்குனீங்க?”

“வாங்கல.
போன மாசம் நின்னுபோச்சே தெய்வானை, அதோடது.
விரல்கிட்ட கொஞ்சம் கடிக்குது.”

ஒன்றைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு
என் பக்கமாக வைத்தார்.
நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.