இடப்பக்கம் திரும்பும்போது

நகெற் அவெனியூவில் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்
முன்சில்லில் ஒரு கிறீச்.
வலப்பக்கம் திரும்பினால் இல்லை.
இரண்டு கிழமை வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி
வேலைக்குப் போனேன்.
ஒன்பது நிமிடப் பாதை, இருபத்திரண்டு நிமிடம்.
ஸ்காபரோவில் எனக்குத் தெரியாத
பள்ளிக்கூடங்கள் எல்லாம் தெரியவந்தன.

பிறகு உதயச்சந்திரனிடம் கொண்டுபோனேன்.
சுவரில் பிள்ளையார், மேசையில் பிளேன் ரீ,
"ஊரில எவடம்?"
என் மாமியின் ஒழுங்கை வரைக்கும்
அவருக்குத் தெரிந்திருந்தது.
அரை மணித்தியாலத்தில் கையில் தாள்:
பிரேக் பாட், ரோட்டர், கலிப்பர் இரண்டு,
முன்பக்க ஸ்ட்ரட் சோடி,
வாசிக்க முடியாத எழுத்தில் இன்னுமொன்று.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டொலர்.
காசாகத் தந்தால் வரி இல்லை.
"தங்கச்சி, இப்ப செய்யாட்டில்
பிறகு ரெண்டு மடங்காகும்.
பிள்ளையளை ஏத்திற கார் எல்லோ."

காரை விற்றாலே மூவாயிரம் தேறாது.
ஆனாலும் அந்தக் கடைசி வசனத்தில்
என் கை பேனையைத் தேடியது.

பேனை கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது,
புத்திசாலித்தனம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
தேடுகிற நேரத்தில் வாய் சும்மா கேட்டது:
"கழட்டின பழைய சாமானை எனக்குக் காட்டுவியளோ?"
அவர் ரீயைக் கீழே வைத்தார்.
"நம்பிக்கை இல்லையெண்டால் ஏன் வந்தனீங்கள்?"

இந்தக் கேள்விக்கு
எந்தக் கடையிலும் ரசீது தருவதில்லை.

இரண்டாவது கராஜ், தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கொட்டில்.
ராம்தியால், கயானாக்காரர்.
பெயரில் ராமர் உண்டு, தமிழில் ஒரு சொல் இல்லை.
ஊர் கேட்கவில்லை.
சத்தம் எப்படி என்று கேட்டார்.
நான் வாயால் செய்து காட்டினேன்.
உள்ளே நின்ற மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் என்றார்.

காரை உயர்த்தி, சில்லைக் கழற்றி,
தகடொன்றை மெல்ல நெம்பி
என் உள்ளங்கையில் வைத்தார்
ஒரு கல்.
பனிக்கு வீதியில் கொட்டும் சரளையில் ஒன்று,
கடலைப் பருப்பளவு.
பாட் பாதி மிச்சம் இருக்கிறது,
அடுத்த பனிக்கு முதல் வந்தால் போதும் என்று
குனிந்து பார்க்கச் சொல்லி அளந்து காட்டினார்.
இருபத்திரண்டு டொலர் அறுபது சதம்.
வரியோடு. ரசீதோடு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான்.
வீதிக்கு ஏறும்போதே யோசனை வந்துவிட்டது:
இவ்வளவு மலிவாக ஒருத்தர் ஏன் சொல்வார்?
எதையோ காணாமல் விட்டாரோ?
இடப்பக்கம் திரும்பினேன்.
சத்தமில்லை.
அந்தச் சத்தமில்லாமை பெரிதாகக் கேட்டது.

மூன்றாவது கராஜுக்கும் போனேன். வெட்கம்தான்.
அறுபது டொலர் வாங்கிக்கொண்டு அவனும்
ஒன்றுமில்லை என்றான்.
ஆக, ஒன்றுமில்லை என்பதன் விலை
எண்பத்திரண்டு டொலர் அறுபது.
கல் இன்னும் கப் வைக்கும் குழியில் கிடக்கிறது.

திங்கட்கிழமை, பல் கிளினிக், முன்மேசை.
தாள் வாசிப்பதுதான் அங்கே என் வேலை.
எதிரில் திரு. மகளாங்,
குளிர் ஜக்கெற்றைக் கழற்றாமல்
நுனிக் கதிரையில்.
ரூட் கனால், கிரவுன், ஆழச் சுத்தம்,
இரண்டாயிரத்து அறுநூறு.
"இப்போது செய்யாவிட்டால், பிறகு..."
என்று தொடங்கிய குரலை
எங்கோ கேட்டிருந்தேன்.
பிளேன் ரீ வாசம்கூட வந்தது.

அவர் மிக மெதுவாகக் கேட்டார்,
யாரையோ நோகடித்துவிடுவேனோ என்பதுபோல:
எது பழுதென்று படத்தில் காட்ட முடியுமா?

உதயச்சந்திரனின் பதில்
என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
ஐந்து வருடமாக என்னையே பார்த்து நின்ற திரை.
அது திரும்பும் என்பதே எனக்குத் தெரியாது.

கிறீச் என்றது.