யார் சொல்லி?

ஸ்டாவாங்கர் துறைமுக ஹோட்டல், இரண்டாம் மாடி.
வாசல் மேசையில் ஸ்டிக்கர், ஒரு பேனா.
பெயர் எழுதிவிட்டேன்: இங்வில்ட்.
அடுத்த வரி, நிறுவனம்.
அங்கே பேனா நின்றது
மை ஊறி
ஒரு புள்ளி.

உள்ளே எல்லாரும் முதலில் நெஞ்சைப் படிக்கிறார்கள்,
பிறகுதான் முகம்.
என் புள்ளிவரை வந்தவர்களுக்கு
திடீரென்று காப்பி நினைவு வந்தது.

ஒட்வார் மட்டும் நின்றான்.
எண்ணெய் விலை பேசினோம்,
மழை பேசினோம்,
மறுபடி எண்ணெய் விலை.
கிளம்பும்போது நீட்டிய அட்டையில்
கம்பெனி பெயர்மேல் நீலக் கோடு.
"மார்ச்சில் அனுப்பிட்டாங்க" என்றான்,
பஸ் போய்விட்டது என்பதுபோல.

நிறுத்தத்தில், சாரலில், அட்டையைத் திருப்பினேன்.
பென்சிலில் ஒரு தொலைபேசி எண்.
கீழே பொடி எழுத்தில்:
படகுக் கம்பெனி. ஒரே இடம்தான்.
நானும் விண்ணப்பித்திருக்கிறேன்.

இரவெல்லாம்
அந்த 'நானும்' தூங்கவிடவில்லை.

காலை ஒன்பதுக்கு அழைத்தேன்.
"யார் சொல்லி அழைக்கிறீங்க?"

சொன்னேன்.
சரியாகக் கேட்கவில்லை என்றாள் அந்தப் பெண்.
நல்லதாயிற்று.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்
அவன் பெயரை,
நிதானமாக,
அவள் எழுதி முடிக்கும்வரை.