அடித்தளச் சவ்வு

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி.
மெழுகுக்குள் உறைந்த அரிசியளவு சதையைச் சீவுகிறேன்.
நாலு மைக்ரான்.
பூவிதழைப் போல என்றால் பூவிதழ் தடிப்பு.
ரிப்பனாக வெந்நீரில் மிதக்கும்போது
மூச்சு விடக்கூடாது, விட்டால் மடங்கும்.
கண்ணாடியில் ஏந்தி, முதலில் ஊதா, அப்புறம் ரோஸ்.
சாயம் ஏறினால்தான்
உடம்பு தன் ஓரங்களைக் காட்டும்.

பதினோரு வருசமாக நான் பார்ப்பது ஓரங்களைத்தான்.
காற்றோ சோறோ மூத்திரமோ உரசிப்போகும் இடமெல்லாம்
செல்கள் இடைவெளி விடாமல் நெருக்கியடித்து நிற்கும்.
அதற்குள் ஒரு ரத்தக்குழாயும் வராது.
கீழ்வீட்டில் கசிவதைக் குடித்தே பிழைப்பு.
எபிதீலியம்.
பேர்தான் வாயில் நுழையாது,
அது வாய்க்குள்ளேயேதான் இருக்கிறது.

சிறுநீரகக் குழலில்
தட்டில் துண்டு போட்ட கடலைமிட்டாயாகச் சதுரம் சதுரம்,
எந்த உப்பு போகலாம், எது திரும்பணும் என்று
ராவும் பகலும் கணக்கு.
குடலில் நெடுநெடுவென்று அசெம்பிளி வரிசை.
கரு மட்டும் சொல்லிவைத்தாற்போல்
எல்லாருக்கும் அடிப்பக்கம், ஒரே மட்டம்.
நுரையீரலின் கடைசிப் பையிலோ
இருக்கிறதா என்று சந்தேகம் வருமளவு தட்டை.
அவ்வளவு மெலிந்தால்தான்
காற்று ரத்தத்துக்குள் கால் வைக்கும்.

இன்று வந்தது அதற்கும் மேலே, மூச்சுக்குழாய்.
எண் 2217. முக்கூடல். ஆவுடைத்தங்கம், ஐம்பத்து மூன்று.
ஒப்புதல் தாளில் கட்டைவிரல் வைத்த இடத்தில்
வரியே இல்லாத நீலப் பொட்டு.

"ரேசன் கடை மெசின்லயும் இதாம்மா.
மறுபடி வை, மறுபடி வைங்கு.
ரேகை இல்லாதவளுக்கு அரிசி இல்லன்னுட்டான்."

அடிவரிசையில் பிறந்து, மேலே ஏறி,
செத்தபிறகே காவலுக்கு நிற்கிற செல்கள் தோலில்.
மாசத்துக்கொருதரம் உதிர்ந்து புதுசாகும்.
கையைச் சும்மா வைத்திருந்தால் ரேகையும் திரும்பும்.
ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி.
யார் சும்மா வைக்க?

லென்சை இறக்கினேன்.
இங்கே சிலியா இருக்கணும்.
கார்ப் பயிர்மேல் காற்று போகிற மாதிரி அசைந்து
தூசியை, சளியை, எப்போதும் மேலே மேலே தள்ளும் மயிர்.
ஒன்றுகூட இல்லை.
தூண்களே இல்லை.
சுளகில் அடுக்கின வெட்டிலைபோல
தட்டையாக, அடுக்கடுக்காக.
தோலாகிவிட்டால் தூளைத் தாங்கிவிடலாம் என்று
மூச்சுக்குழாய் நினைத்திருக்கிறது.
வெளியே தோல் அழிய, உள்ளே தோல் முளைத்திருக்கிறது.

சில கருக்கள் கறுத்து, பெருத்து, வரிசையை மதிக்காமல்.
என் கண் கீழே ஓடியது.
செல்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அந்த ரோஸ் கோடு.
அது உடையாதவரை எதுவும் ஊர் தாண்டவில்லை என்று அர்த்தம்.
குமிழைத் திருகித் திருகி
வரப்பில் நடக்கிற மாதிரி நடந்தேன்.
பாதியில் இருட்டு.
உடைப்பா?

மடிப்பு.
வெந்நீர்த் தொட்டி முன்னால்
நான்தான் மூச்சு விட்டிருக்கிறேன்.

மறுபடி மெழுகு, மறுபடி கத்தி.
இந்தத் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
முழுசாக ஓடியது.
சொல்ல வேண்டியது டாக்டர் ஜெபக்கனி. நானில்லை.

வராந்தா பெஞ்சில் எழுந்து நின்றார்.
என்ன தெரியி என்று கேட்பாரென்று
பதிலை மடித்து வைத்திருந்தேன்.
"ஏம்மா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?
முத பஸ்ல ஏறுனது.
வேய்ந்தான்குளத்துல கால் வைக்க முடியல."

நிறைய நிறைய விரிந்து,
மேல்வரிசை தட்டையாகி,
சொட்டு கசியாமல் பொறுத்திருக்கும்
இன்னொரு ஓரம் இருக்கிறது, பையில்.
இந்த ஊர்ப் பெண்களை பஸ்ஸில் ஏற்றி இறக்குவதே அதுதான்.

ஊழியர்களுக்கு மட்டும் என்று எழுதின கதவின் சாவியை
ரேகையில்லாத கையில் வைத்தேன்.