ஒன்பதாவது அட்டை

பகாவ் உரக்கடையில்
ஒன்பதாவது பஞ்ச் கார்டு திவ்யரூபிணியுடையது.
முதலாளியின் இளைய மகள்.
பினாங்கில் பல் வைத்தியம் படிக்கிறாள்.
மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி,
சேமநிதி, சொக்சோ எல்லாம் ஒழுங்கு.
என் சம்பளத்தைவிட இருநூறு கூட.

காலையில் என் கார்டை அடித்த கையோடு
அவளுடையதையும் அடிப்பேன்.
சில நாள் ஏழு நிமிடம் பிந்த விடுவேன்,
தினமும் சரியாக வந்தால் யார் நம்புவார்?
தைப்பூசத்துக்கு மறுநாள்
காய்ச்சல் கொடுத்தேன்.
ஓவர்டைம் மட்டும்
முதலாளியே எழுதிக்கொள்வார்.

“என் காசு, என் பிள்ளை.
இதிலென்னம்மா சட்டம்?” என்றார் ஒருநாள்.
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

வரி இலாகா அதிகாரி வந்தது
செம்பனைக் குலை லோரி
வாசலை அடைத்து நின்ற மதியம்.
சம்பளப் பட்டியலை
விரலால் தடவித் தடவி இறங்கினார்.
விடுமுறைக்கு வந்திருந்த திவ்யா
அவருக்கு நாற்காலி போட்டாள்,
தே ஓ வைத்தாள்,
போனை எடுத்து
யூரியா விலையைக்கூடச் சரியாகச் சொன்னாள்.
பிறகு என்னிடம் குனிந்து,
மெதுவாகத்தான்:
“அக்கா, இங்க டாய்லெட் எந்தப் பக்கம்?”

அதிகாரியின் விரல் நின்றது.
முதலாளி காற்றாடியைப் பார்த்தார்.

நான் சுவரைப் பார்த்தேன்.
அவள் வேலை செய்த அந்த ஒரே நாளில்
கார்டை அடிக்க
மறந்திருந்தேன்.